கட்டிலுக்குக் கீழே

"படுங்க! எல்லாரும் கட்டிலுக்குக் கீழ படுங்க!"

புவனா அக்கா கத்துகிறாள். ஜன்னல் கண்ணாடிகள் நடுங்குகின்றன. மருந்து ட்ரொலியில் கத்தரிக்கோல்கள் தட்டோடு துள்ளுகின்றன. கடற்கரைப் பக்கம் ஒரு வெடிச் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு நிற்காத இரைச்சல். ஹெலி தாழப் பறந்து வருவது போல.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. போயா தினம், பௌர்ணமி விடுமுறை. கல்முனைக் கரையோரம் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. கீழ்த்தளத்தில் பெண்கள் வார்ட்டு. ஜன்னலைத் திறந்தால் கடல். நான் அங்கே தாதி. பெயர் நஸீமா. மறக்கக் கூடாதென்று இதை எழுதுகிறேன். மறக்க எனக்கும் ஆசைதான். முடியவில்லை.

இரைச்சலுக்குச் சற்று முன்பு நானும் புவனா அக்காவும் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போகிறோம். லீவு நாள். ஒரே ஒரு டொக்டர். அவரும் பிரசவ வார்ட்டில். அட்டென்டன்ட் வரவில்லை. கட்டு மாற்றப் பஞ்சு போதாது.

"குழாயில தண்ணியும் இல்ல," என்றேன். "கை கழுவ என்ன செய்யிற?"

"வாளிக்குள்ள கொஞ்சம் கிடக்கு. பாத்து ஊத்து," என்றாள் புவனா அக்கா.

குழாயில் தண்ணீர் இல்லையென்று அன்று காலை நான் அலுத்துக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

"ஆறாம் கட்டில் எப்பிடி அக்கா?"

"தையல் வெட்டியாச்சு. காய்ச்சலும் இல்ல. டொக்டர் வந்து கையெழுத்து வெச்சா வீட்ட போகலாம்."

ஆறாம் கட்டில் சுலோசனா. காரைதீவுப் பிள்ளை. குடல்வால் ஒப்பரேஷன். விடிந்ததும் தலை வாரி, பையைக் கட்டி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "மிஸ், டொக்டர் வந்திட்டாரா?" வாய் ஓயவில்லை. "இந்தா வாறார், இந்தா வாறார்" என்று நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவளைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. கவலையெல்லாம் ஒன்பதாம் கட்டில். ஆயிஷா ராத்தா. அக்காவை முஸ்லிம்கள் நாங்கள் ராத்தா என்போம். மருதமுனையில் தறி நெய்கிறவர். மழைக்குப் படியில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்தது. காலை நீட்டிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனை கால்மாட்டுக் கப்பி வழியாக இறங்கியது. அதில் மணல் பை தொங்கியது. பிடித்து எழும்பத் தலைக்கு மேலே ஓர் இரும்புச் சட்டம்.

புவனா அக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஷெல் அடிச்சா இவவ என்ன செய்யிற புள்ள? கீழ இறக்க ஏலாதே."

"இப்ப ஆரு அக்கா ஷெல் அடிக்கிற? சமாதானம்தானே."

"ஓம், சமாதானம். நீ நம்பு. படுத்தவன் பிழைப்பான், ஓடினவன் போவான். அத மட்டும் மறந்திராத."

அது அவளுடைய வாய்ப்பாடு. பாண்டிருப்புக்காரி. ஓடிய சொந்தங்களைப் பறிகொடுத்தவள். படுத்ததால் பிழைத்தவள். தோளில் ஷெல் துண்டின் தழும்பு. வார்ட்டுக்கு வரும் ஒவ்வொரு புதுத் தாதிக்கும் அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் ஊசி போடுவது அல்ல. சத்தம் கேட்டால் நோயாளியைக் கீழே இறக்கு. தலையைக் கையால் மூடு. அதற்காகவே எங்கள் வார்ட்டில் கட்டில்களுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்காது. ஒரு செருப்புக்கூட இருக்காது. "கீழயும் ஒரு விரிப்புப் போடுவம் அக்கா" என்று நான் பகிடி பண்ணுவேன். அவளும் சிரிப்பாள்.

இப்போது சத்தம் கேட்டுவிட்டது.

எல்லாம் பழகியபடியே நடக்கிறது. நடக்கக்கூடியவர்கள் தாமாகவே இறங்குகிறார்கள். மற்றவர்களை நாங்கள் இறக்குகிறோம். ஒருவரும் பதறவில்லை. யுத்தத்தில் வளர்ந்த சனத்துக்கு இதெல்லாம் சோறு தின்பது போல.

வெளியே ஒருவன் ஓடுகிறான். "கடல் வருது! ஓடுங்க! கடல் வருது!"

கேட்டது. மண்டையில் ஏறவில்லை. ஆமி வரும். இயக்கம் வரும். கடல் எப்படி வரும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எங்கள் காதுக்குச் சத்தமெல்லாம் ஷெல்.

"ஒருத்தரும் எழும்பாதீங்க!" புவனா அக்கா ஆறாம் கட்டிலுக்குக் கீழே ஊர்கிறாள். சுலோசனாவின் தலையைத் தன் கையால் மூடுகிறாள்.

நான் நிற்கிறேன். வீரம் ஒன்றுமில்லை. மணல் பை ஆடுகிறது. அது ஆடினால் ஆயிஷா ராத்தாவுக்கு உயிர் போகும் வலி. பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்கிறேன்.

"என்ன விட்டுப்போட்டு நீயும் படு தங்கச்சி!" ராத்தா அழுகிறார்.

தண்ணீர் கதவால் வரவில்லை. ஜன்னலும் சுவரும் சேர்ந்து உள்ளே விழுந்தன. கறுப்பு. சேற்று நாற்றம். பை கையை விட்டுப் போனது. கயிறு அறுந்தது. ஒன்பதாம் கட்டில் என்னையும் இழுத்துக்கொண்டு பின்சுவரில் மோதியது. நான் மெத்தைமேல் ஏறினேன். ராத்தா ஒரு கையால் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருந்தார். மறு கையால் என் தலைமுடியை. "யா அல்லாஹ்! யா அல்லாஹ்!" அது அவர் குரலா என் குரலா தெரியவில்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். சொன்னவர் அந்த வெள்ளத்தில் நிற்கவில்லை. எங்களுக்குத் தண்ணீருக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண் மிச்சம் இருந்தது. அந்தச் சாணில்தான் நாங்கள் இருவரும் மூச்சு விட்டோம்.

தண்ணீர் இறங்கியது. மாடியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ராத்தாவை ஒரு கதவுப் பலகையில் தூக்கினார்கள். நான் "புவனா அக்கா, புவனா அக்கா" என்று கத்தினேன். கட்டில்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. கால்கள் ஒன்றோடொன்று மாட்டியிருந்தன. அசைக்க முடியவில்லை. அடுத்த அலை வருகிறதென்று என்னைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

பிறகு கட்டில்களைப் பிரித்தார்கள். புவனா அக்காவின் கை சுலோசனாவின் தலைமேல் இருந்தது. அப்படியே.

அவள் பிழையாகச் சொன்னாள் என்று யாராவது வாய் திறந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அத்தனை வருஷமும் அது சரி. அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. அன்று ஒரு காலை மட்டும் அது பிழையாகிப்போனது. பிழை கேட்பதென்றால் எங்கள் சனத்தைப் படுக்கப் பழக்கியவர்களைக் கேளுங்கள். ஷெல் அடித்தவர்களைக் கேளுங்கள்.

2009 மே. நான் வேறு ஆஸ்பத்திரி. கடலுக்குத் தள்ளி, உள்ளே. பகல் நேரம். தெருவில் திடீரென்று வெடி. படபடவென்று தொடர் வெடி.

"படுங்க!" ஒரு நோயாளி கத்துகிறாள். பாதிப் பேர் கட்டிலுக்குக் கீழே. "எழும்புங்க! மேல ஏறுங்க!" இது நான். மீதிப் பேர் மாடிப்படிக்கு ஓடுகிறார்கள். நான் படுக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நிற்கிறேன். கையில் ஒன்றும் இல்லை.

வாசலிலிருந்து காவலாளி எட்டிப் பார்த்தார். "பட்டாசு மிஸ். சண்டை முடிஞ்சு போச்சாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கீழே படுத்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கைகொடுத்து எழுப்பினேன்.

கணக்கு இது.

அன்று வார்ட்டில் ஒன்பது நோயாளிகள், இரண்டு தாதிகள். கட்டிலுக்குக் கீழே போனவர்கள் எட்டு நோயாளிகளும் புவனா அக்காவும். அவர்களில் பின்கதவால் அடித்துச் செல்லப்பட்ட இருவர் பிழைத்தார்கள். ஆறு பேர் இல்லை. அவர்களில் ஒருத்தி வீட்டுக்குப் போகத் தலை வாரியிருந்தவள். ஏழாவது புவனா அக்கா. கீழே இறக்க முடியாதென்று நாங்கள் கவலைப்பட்ட ஆயிஷா ராத்தா இன்று நொண்டி நொண்டி நடக்கிறார். பிறகு நான்.

ட்யூட்டி மாறும்போது நோயாளிகளை எண்ணிப் பொறுப்பெடுப்பது எங்கள் வழக்கம். மற்றத் தாதிகள் நடந்துகொண்டே எண்ணுவார்கள். நான் ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, குனிந்து, கீழே பார்த்து எண்ணுகிறேன்.