புதுக்கடைக்குக் குத்துவிளக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து நைனார்பாளையம் போகிற பஸ்ஸில் அன்று பாட்டு போடவில்லை. அதனால் முன் சீட்டு அக்கா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

“நம்ம பணத்தச் சுருட்டுன தீபாவளி சீட்டுக்காரன், புதுக்கடைக்குக் குத்துவெளக்கு ஏத்த என்னை வரச் சொல்றான்டி.”

“இன்னாக்கா சொல்ற? அவனைத்தான் போலீசு புடிச்சுக்கினு போச்சே?”

“ஜாமீன்ல வந்துட்டான். இப்ப சின்னசேலத்துல அதே சீட்டுக் கடை. வேற பேரு, வேற போர்டு. என்னைப் பாத்தா ஜனம் நம்பிப் பணம் கட்டுமாம்.”

“நம்ம கேசு?”

“விசாரணை நடக்குதாம். புகார் குடுத்த நாள்லேந்து அதையேதான் சொல்லிக்கினு இருக்காங்க.”

“புதுக்கடையைப் பத்திப் போலீசுல சொன்னியா?”

“சொன்னேன். அதுல யாராச்சும் ஏமாந்து வந்து புகார் குடுத்தாதான் கேசு எடுப்பாங்களாம்.”

“நீ போவாதக்கா.”

“போவலன்னா, ஆளு சேத்து வுட்டதே நீதான்னு போலீசுல சொல்லுவேன்றான். நிசந்தானே? நடவுக்குக் கூட்டிக்கினு போற மாதிரி உங்களையெல்லாம் நான்தானே அவங்கிட்ட கூட்டிக்கினு போனேன்.”

அக்கா பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தனியாப் போவ பயமா இருக்குது. நீயும் வரியா?”