வெளித் தாழ்ப்பாள் இல்லாத கதவு

அக்கா, கூடையை இறக்கி வைங்க. தராசை அப்புறம் எடுக்கலாம். இந்தாங்க, செம்பு நிறையத் தண்ணீர். கையிலேயே பிடிச்சுக்கங்க. இப்போ குடிக்கக் கூடாது, கதை முடிஞ்சதும்தான். வெள்ளோடைச் சந்தையில் புதிதாக எந்தப் பொம்பளை கடை போட்டாலும் முதலில் இந்தக் கதையைக் கேட்கணும். சொல்றதுக்கு வயசானவங்க நாலு பேர் இருக்காங்க. அவங்க ஆரம்பிச்சா உங்க செண்டுமல்லி வாடிப் போயிடும். அதனால நான் சொல்றேன்.

முன்னே ஒரு காலமாம். இந்தத் தார் ரோடு வண்டித் தடமாக இருந்த காலமாம். இதே வெள்ளோடை, இதே செவ்வாய்க்கிழமைச் சந்தை. அதோ அந்தப் புளியமரத்துக்குக் கீழே கீரை விற்றுக்கொண்டிருந்தாளாம் மாயக்காள். ரத்தத்தில் எனக்கும் அவளுக்கும் ஒன்றும் கிடையாது. ஆனால் இங்கே தராசு பிடிக்கிற எல்லாருக்கும் அவள்தான் பூட்டி.

விடியுமுன் வருவாளாம். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போவாளாம். இடையில் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டாளாம். அவள் மட்டுமா, ஒருத்தியும் குடிக்க மாட்டாள். தொண்டை காய்ந்தால் வெற்றிலையை மெல்லுவார்களாம். ஏன்னு கேட்பீங்க. குடிச்சா போகணும். போறதுக்கு இடம் கிடையாது.

இல்லை, தப்பாச் சொல்லிட்டேன். இடம் இருந்தது. அதுதான் வேடிக்கை. வெள்ளைச் சுவர், பச்சைக் கதவு, மேலே 'பெண்கள்' என்று பலகை. பெரிய ஆள் வந்து ரிப்பன் வெட்டித் திறந்தாராம். அவர் கார் ஏறியதும் பூட்டினார்களாம். அதோடு சரி. சாவி சந்தை ஆபீசில். மேனேஜர் தனுஷ்கோடியிடம் போய்க் கேட்டால், "உங்களுக்குத் திறந்து விட்டா நாறடிச்சிருவீங்க, பெரிய ஆபீசருங்க வந்தா என்ன செய்றது" என்பாராம். எந்த ஆபீசருக்காக என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் கக்கூசுக்கு எந்த ஆபீசர் வருவார்.

மாயக்காளுக்கு ஒரே மகள், குருவம்மா. பதினெட்டு வயசு. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுக் கட்டுவாள். அவளும் அடக்கினாள். மூணு வருசம் அடக்கினாள். ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீரைக் கட்டு மேலேயே சாய்ந்துவிட்டாளாம். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு கிட்னி போயிடுச்சு, இன்னொண்ணாவது மிஞ்சணும்னா தண்ணி குடிக்கணும், அடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

பிள்ளையை இனிச் சந்தைக்குக் கூட்டி வராதே, வீட்டோடு இருக்கட்டும் என்று எல்லாரும் சொன்னார்களாம். மாயக்காள் கேட்டாளாம்:

"எம்மக ஏன் வீட்டுக்குப் போகணும்? அந்தப் பூட்டு போகட்டும்."

அப்படி ஆரம்பிச்சது அக்கா.

எழுதப் படிக்கத் தெரியாது அவளுக்கு. மிளகாய் வத்தல் யாவாரி காதர்மைதீன் பாய் எழுதிக் கொடுத்தாராம். மனு போச்சு. மேலாபீசிலிருந்து பதில் வந்தது. பாய் படித்தார்: 'மேற்படி சந்தையில் பெண்களுக்கெனக் கழிப்பிடம் கட்டப்பட்டு நல்ல முறையில் பயன்பாட்டில் உள்ளது.'

ரெண்டாவது மனு போச்சு. அதே பதில். நல்ல முறையில் பயன்பாட்டில் உள்ளது. மூணாவது மனு போச்சு. பயன்பாட்டில் உள்ளது. மூணு பதிலையும் மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாளாம். இன்னைக்கும் நம்ம சந்தையில் எவனாவது கூசாமல் பொய் சொன்னால், "ஓகோ, பயன்பாட்டுல இருக்கா" என்று கேட்போம் பாருங்க, அது அப்போ வந்த பேச்சுதான்.

அப்புறம் மாயக்காள் யோசித்தாளாம். திங்கள் ஒரு சந்தை, புதன் ஒரு சந்தை என்று அவள் நாலு ஊர் போகிறவள். போன இடத்தில் எல்லாம் விசாரித்தாளாம். அங்கேயும் கதவு, அங்கேயும் பூட்டு, அங்கேயும் சாவி ஒரு ஆம்பளை இடுப்பில். இது வெள்ளோடைப் பூட்டு மட்டும் இல்லை என்று அப்போதான் புரிந்ததாம்.

வெங்காய லாரி வடக்கே போகும். வாழைத்தார் லாரி தெற்கே போகும். ஏறுகிற பொம்பளை ஒவ்வொருத்தியிடமும் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்துவிட்டாளாம். போகிற சந்தையில் அந்த ஊர்க் குறையை எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டு வா என்றாளாம். மைக்கு எங்கே போவது? மாட்டுச் சந்தையில் மாட்டுக்கு முத்திரை குத்துகிற ஊதா மை இருக்கே, அதைத்தான் வாங்கினார்களாம். ஒரு வருசம். ஸ்டேட்டு முழுக்க நாற்பத்தொரு சந்தை. கட்டை விரல் எல்லாம் ஊதா. எந்த ஊரில் எந்தப் பொம்பளை விரலில் ஊதா தெரிந்தாலும், நம்ம ஆள் என்று தெரிந்துகொள்வார்களாம்.

அந்தக் கட்டு மெட்ராசுக்குப் போனது. நேராகச் சட்டசபை மனுக் கமிட்டிக்கு. ஒரு ஊர் மனு என்றால் கிடப்பில் போடலாம். நாற்பத்தொரு சந்தை மனுவை எங்கே போடுவது? கமிட்டி கிளம்பி வந்ததாம் வெள்ளோடைக்கு. ஏழு எம்.எல்.ஏ. ஆறு ஆம்பளை, ஒரு பொம்பளை. அந்தம்மா பேர் புனிதவதி. புதுசாக ஜெயித்தவங்க. வாயே திறக்க மாட்டாங்களாம்.

மாயக்காள் ஒரு திட்டம் போட்டிருந்தாள். மனுவை மொத்தமாகப் படிக்காதே, ஊர் ஊராக, நிறுத்தி நிறுத்திப் படி என்று பாயிடம் சொல்லிவிட்டாளாம். ஒவ்வொரு ஊர் மனு முடிந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் மோர். இஞ்சி தட்டிப் போட்டு, உப்பு தூக்கலாக. வெயில் வேறு. ஏழு பேரும் குடித்தார்களாம். மேனேஜர் தனுஷ்கோடிக்கு ஒரே பெருமை, நம்ம சந்தைப் பொம்பளைங்க மரியாதை தெரிஞ்சவங்க என்று. அடுத்த ஊர், அடுத்த டம்ளர். அடுத்த ஊர், அடுத்த டம்ளர். பன்னிரண்டு ஊர் ஆச்சு. பன்னிரண்டு டம்ளர் ஆச்சு.

திட்டம் புரியுதில்ல? நாங்க அடக்குறதை ஒரு நாள் நீங்களும் அடக்கிப் பாருங்க என்று.

ஆனால் அது பலிக்கலை அக்கா. கமிட்டித் தலைவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். சாவகாசமாகச் சுவருக்குப் பின்னால் போனார். வந்தார், உட்கார்ந்தார். "அடுத்த ஊர் படிங்க" என்றார். அப்புறம் ஒருத்தர் போனார். அப்புறம் ஒருத்தர். ஆறு பேரும் போய்விட்டு வந்து தெம்பாக உட்கார்ந்துவிட்டார்களாம்.

மாயக்காள் முகம் செத்துப் போச்சாம். குருவம்மா அம்மா காதில் சொன்னாளாம்:

"ஆத்தா, மோர் போச்சு. ஆம்பளைக்கு ஊரெல்லாம் செவுருதானே."

இதைக் கூடவா யோசிக்கலை என்று நான் முதலில் கேட்டப்போ எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் நாற்பத்தொரு சந்தைப் பொம்பளைகளும் சேர்ந்துதானே யோசிக்காமல் விட்டாங்க. அடக்கி அடக்கி, எல்லாருமே அடக்குவாங்கன்னு நினைச்சிட்டாங்க.

அப்போதான் மாயக்காள் பார்த்தாளாம். புனிதவதியம்மா ஒரு கால் மேல் ஒரு காலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்காங்க. நெற்றியில் வேர்வை. கையில் பதிமூணாவது டம்ளர், குடிக்கவும் முடியலை, கீழே வைக்கவும் முடியலை. அப்படி அழுத்துற காலை நமக்குத் தெரியும் அக்கா. பார்த்தவுடனே தெரியும்.

மாயக்காள் தலையில் அடித்துக்கொண்டாளாம். யாருக்கு வைத்த மோர், யாரைப் பிடித்திருக்கு. பக்கத்தில் போய்க் குனிந்து, போகணுமாம்மா என்று கேட்டாளாம். அந்தம்மா கண்ணால் ஆமாம் என்றாங்களாம். கமிட்டி வந்த வேனும் இல்லை. தலைவருக்குச் சாப்பாடு எடுக்க டவுனுக்குப் போயிருந்தது.

மேனேஜர் துள்ளி எழுந்தாராம். இருக்கே, நம்ம சந்தையிலேயே லேடீஸ் கக்கூஸ் நல்ல முறையில் இருக்கே என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாராம். சாவியை நுழைத்தார். திரும்பலை. எண்ணெய் விட்டார். திரும்பலை. துரு. ரிப்பன் வெட்டின நாளுக்கு அப்புறம் அந்தப் பூட்டுக்குள் சாவியே போனதில்லை. கமிட்டி மொத்தமும் பின்னால் நின்று பார்க்குது. சந்தை மொத்தமும் பார்க்குது.

மாயக்காள் போனாளாம். தராசிலிருந்து ரெண்டு கிலோ எடைக்கல்லை எடுத்தாளாம். மேனேஜரைத் தள்ளி நிற்கச் சொன்னாளாம். ஒண்ணு. ரெண்டு. மூணாவது அடியில் பூட்டு கீழே கிடந்ததாம்.

கதவு திறந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. உடைந்த நாற்காலி, ஏலம் போகாத உர மூட்டை, பழைய போர்டு. ஜன்னல் உடைசல் வழியாக ஒரு கோழி மட்டும் உள்ளே போய் அடை உட்கார்ந்திருந்ததாம். குருவம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்:

"பொய் சொல்லல ஆத்தா. பயன்பாட்டுலதான் இருக்கு. கோழிக்கு."

சந்தையே சிரித்ததாம். புனிதவதியம்மா மட்டும் சிரிக்கலை. சிரிக்கிற நிலைமையில் அந்தம்மா இல்லை.

மாயக்காள் கையைத் தட்டினாளாம். ஒரே ஒரு தட்டு. ஊதா விரல்காரிகள் அத்தனை பேரும் எழுந்தார்களாம். கக்கூசுக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் வட்டம் கட்டினார்கள். தோளோடு தோள், முதுகு உள்ளே, முகம் வெளியே. முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். விடியுமுன் இருட்டில் அவர்கள் ஒருத்திக்கு ஒருத்தி செய்துகொள்வது அது. பட்டப்பகலில், ஆறு எம்.எல்.ஏ. முன்னால், அன்றுதான் முதல் தடவை. நடுவில் ஒரு எம்.எல்.ஏ. ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தார்களாம்.

வட்டம் பிரிந்தது. புனிதவதியம்மா வந்தாங்க. நேராக மாயக்காளிடம் கேட்டாங்களாம்:

"எத்தனை நாளா இப்படி?"

"நான் இருபத்திரெண்டு வருசமா. எம்மக மூணு வருசமா. அதுல ஒரு கிட்னி போச்சும்மா."

அந்தம்மா திரும்பிப் பார்த்தாங்களாம். தலைவர் மனு ஓரத்தில் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பேனாவைக் கையிலிருந்து வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு, என்ன எழுதணும் நீயே சொல்லு என்றாங்களாம். புதுக் கட்டடம் கேட்பாள், பெரிய கட்டடம் கேட்பாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாயக்காள் சொன்னாளாம்:

"தண்ணி வேணும். அப்புறம் கதவுக்கு வெளிய தாழ்ப்பா வேணாம். வெளிய இருந்தா சாவி உங்ககிட்ட இருக்கும். உள்ள இருந்தா எங்ககிட்ட இருக்கும்."

அப்படியே எழுதினாங்களாம். சட்டசபையில் அப்படியே படித்தாங்களாம். வாயே திறக்காத அம்மா அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினாங்களாம். ஸ்டேட்டில் இருக்கிற எல்லாச் சந்தைக்கும் ஆர்டர் வந்தது. ஆர்டர் வந்ததும் கதவெல்லாம் தானாகத் திறந்துகொண்டது என்று பெரியவங்க சொல்வாங்க. நம்பாதீங்க. திறக்காத ஊரில் எல்லாம் ஒரு கையில் ஆர்டர், ஒரு கையில் எடைக்கல் என்று பொம்பளைங்கதான் போய் உடைச்சாங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த ஆர்டரில் சந்தைன்னு மட்டும்தான் எழுதியிருந்தது. ஸ்கூல்னு எழுதலை. எழுதியிருந்தா நான் பத்தாவது முடிச்சிருப்பேன். அது மாயக்காள் விட்ட வேலை இல்லை. அது நம்ம வேலை. ஊதா மை இப்பவும் மாட்டுச் சந்தையில் கிடைக்குது, நான் விசாரிச்சுட்டேன்.

குருவம்மாவா? ஒத்தைக் கிட்னியோடு எழுபத்து மூணு வயசு வரைக்கும் அந்தப் புளியமரத்தடியில்தான் கீரை விற்றாங்க. ஆர்டர்படி இங்கே கதவு திறந்த அன்னிக்கு, மாயக்காள் ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு மகளிடம் கொடுத்தாளாம். சந்தை மொத்தமும் சுற்றி நின்று பார்க்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாளாம் குருவம்மா.

அதோ பாருங்க, பச்சைக் கதவு. வெளியே தாழ்ப்பாள் கிடையாது, கொண்டி கிடையாது, பூட்டு மாட்ட ஒரு ஓட்டை கூடக் கிடையாது. நிலைக்கு மேலே சிமெண்டில் பதிச்சிருக்கே, அதுதான் அந்த ரெண்டு கிலோ கல்லு. புதுசாக வர்ற மேனேஜருக்கு அதைத்தான் முதலில் காட்டுவோம். ஆபீசர்கள் யாரும் நம்ம சந்தையில் மோர் குடிக்க மாட்டாங்க, அதையும் கவனிச்சுப் பாருங்க.

மாயக்காள் கதை இவ்வளவுதான். கேட்டவங்க வாய் உலரக் கூடாது.

குடிங்க அக்கா. பாதியில் வைக்காதீங்க, முழுசும்.