உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஆப்சென்ட்

ஹலோ... ஹலோ, வைக்காதீங்க, நான் இன்னும் பேசி முடிக்கலை... இல்ல, நீங்க முதல்ல... நீங்க முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அந்த ஸ்கூலுக்கு ஃபோன் பண்ணினீங்களா இல்லையா?... பண்ணினீங்களா?... அதான், ஆமாங்கிற ஒரு வார்த்தையை இவ்வளவு சுத்தி வளைச்சுச் சொல்லணுமா!

எனக்கு எப்படித் தெரியுமா? அந்த ஸ்கூல் ஆபீஸம்மா கூப்பிட்டாங்க. கடை நிறைய ஆளுங்க. ஒருத்தரோட மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ போட்டுக்கிட்டு இருக்கேன். ‘உங்க வீட்டுக்காரர் சீட்டு வேணாம்னுட்டாரே, அடுத்த பிள்ளைக்குக் குடுத்துடலாமாம்மா’ங்கறாங்க. ஸ்க்ரூ எங்க போய் விழுந்துச்சுன்னே தெரியலை. இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க...

கத்தலை. பின்னாடி ரூம்ல நிக்கறேன், லென்ஸ் தேய்க்கிற அண்ணன் மெஷினை ஓட்டறாரு, அதுக்கு மேல பேசறேன்... இல்ல, குட்டிக்குக் கேக்காது. முன்னாடி கண்ணு டெஸ்ட் பண்ற நாற்காலியில உட்கார்ந்து சுத்திக்கிட்டிருக்கா. கதவைச் சாத்திட்டேன்.

சாமி ஸ்கூல், சாமி ஸ்கூல்னு எத்தனை தடவை சொல்லுவீங்க? ஆமா, சாமி ஸ்கூல்தான். ஆமாங்க, எங்க அம்மா கும்பிடற சாமியோட ஸ்கூல்தான். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? உங்க வீட்டுச் சாமியோட ஸ்கூல் நல்லா இருந்திருந்தா அங்க போய் நின்னிருப்பேன்... எங்க அம்மாவை இதுல இழுக்காதீங்க. அவங்களுக்கு இன்னும் தெரியவே தெரியாது... சத்தியமா!... எது மேல சத்தியமா? அதைச் சொல்லுங்க, எது மேல பண்ணட்டும்? நம்ம வீட்லதான் அதுக்கும் ஒண்ணும் வச்சுக்கலையே!

ஞாபகம் இருக்கு. எல்லாம் ஞாபகம் இருக்கு. உங்க சாமியும் வேணாம், எங்க சாமியும் வேணாம், பிள்ளை வளர்ந்து அவளே பாத்துக்கட்டும்னு சொன்னோம். ரெண்டு வீட்டையும் பகைச்சுக்கிட்டு, ஆளுக்கு ஒரு பையைத் தூக்கிக்கிட்டு வந்து சொன்னோம். நீ மட்டும் சொல்லலை, நானும்தான் சொன்னேன்... ஆமா, ‘நீ’ன்னுதான் சொன்னேன். காலேஜ்ல அப்படித்தானே கூப்பிட்டேன். அப்ப இனிச்சுது இல்ல?

எதைப் பொய்ங்கறீங்க?... ம்... ஆமா. அது பொய்தான். வீட்ல தினம் பிரார்த்தனை உண்டான்னு ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டாங்க. உண்டுன்னேன். கூசாமச் சொன்னேன்... நீங்க சொல்லவே மாட்டீங்க, பாவம். ‘இந்த வாரம் கண்டிப்பா வர்றேன்’னு அந்த வெளியூர் சைட்டுல உட்கார்ந்துக்கிட்டு வாராவாரம் சொல்றீங்களே, அது என்னவாம்? அது வேலை! நான் சொன்னா பொய்!

உள்ள வாங்க சார். காதுக்குப் பின்னாடி உறுத்துதா? அதை அந்த டேபிள் மேல வச்சுட்டுப் போங்க, நான் வளைச்சுத் தர்றேன். ரெண்டே நிமிஷம்...

உங்களை இல்ல. உங்களை எந்தக் காலத்துல ‘சார்’னு கூப்பிட்டிருக்கேன்?

என்ன... என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க. ‘நல்லாத்தானே பேசறா’வா? யாரு? யாருகிட்ட? உங்ககிட்ட அவ என்னிக்குங்க பேசினா? நீங்க பேசறீங்க, அவ ‘ம்’ கொட்டறா. நீங்க சிரிக்கறீங்க, அவ சிரிக்கறா. ஒரு வார்த்தை ஆரம்பிச்சா மீதியை நீங்களே முடிச்சுக் குடுத்துடறீங்க. அப்புறம் என்கிட்ட, ‘பிள்ளை இன்னிக்கு ரொம்ப நேரம் பேசினா’ன்னு சந்தோஷம் வேற!

போன மாசம் ரிப்போர்ட் கார்டு வந்துச்சே, வருகை குறைவுன்னு போட்டு. ஏன் லீவு போட விடறேன்னு என்னைக் கேட்டீங்களே. அவ ஒரு நாள் கூட லீவு போடலைங்க. ஒரு நாள் கூட. நான்தான் தினம் கொண்டுபோய் விட்டேன். கிளாஸ்ல பேர் கூப்பிட்டா எழுந்து நின்னு ‘உள்ளேன் டீச்சர்’னு சொல்லணுமாம். இவளுக்கு அந்த ‘உ’ வரலை. நிக்கறா. உதட்டைக் குவிச்சுக்கிட்டு நிக்கறா. பின்னாடி பெஞ்சுல சிரிக்குதுங்க. டீச்சர் கொஞ்ச நேரம் பாத்துட்டு அடுத்த பேருக்குப் போயிடறாங்க. கையைத் தூக்கிக் காட்டினாளாம். ‘வாய் இல்லையா உனக்கு’ன்னு கேட்டுட்டு ஆப்சென்ட் போட்டுட்டாங்க. எதிர்ல உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஆப்சென்ட்!

...

ஏன் சொல்லலையா? எப்ப சொல்றது? நீங்க கூப்பிடற நேரத்துல பக்கத்துல அவ இருப்பா. அவ காது கேக்க இதைச் சொல்லவா? எனக்கே பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லித்தான் தெரியும்... கேட்டேனே. போய்க் கேட்காம இருப்பேனா? ‘எல்லாருக்கும் ஒரே ரூல்தாம்மா, பேசிப் பழகினாத்தான் கூச்சம் போகும்’ங்கறாங்க. கூச்சமாம்!

வேற ஸ்கூல் இல்லையாவா? இந்த ஊர்ல உள்ள அத்தனை ஸ்கூல் படியையும் ஏறி இறங்கியாச்சு. ஒரு இடத்துல, மேடையில ஏத்தி மைக்கைக் கையில குடுத்தா எல்லாம் சரியாயிடும்னாங்க. இன்னொரு இடத்துல, ‘இந்த மாதிரி பிள்ளைங்களுக்குன்னு தனியா இடம் இருக்கேம்மா’ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அந்தச் சிரிப்புக்கு ஒரு அறை விட்டிருக்கணும், கையில பிள்ளையைப் பிடிச்சிருந்தேன்.

இந்த ஸ்கூல்ல நான் முதல்ல கேட்டதே அதான், அட்டெண்டன்ஸ் எப்படி எடுப்பீங்கன்னு. ஃபீஸ் கூடக் கேட்கலை. பிள்ளைங்க உள்ள வரும்போது டீச்சர் வாசல்ல நின்னு ஒவ்வொண்ணு கையையும் தொட்டு உள்ள விடறாங்க. தொட்டா வந்தாச்சு. அவ்வளவுதான். எட்டாங்கிளாஸ் வரைக்கும் அப்படித்தானாம்.

இருங்க, இன்னும் இருக்கு, குறுக்க பேசாதீங்க. காலையில பிரார்த்தனை முடியட்டும், அது வரைக்கும் ஹால்ல நில்லுங்கன்னாங்க. பின்னாடி சுவரோரமா நின்னோம். மொத்த ஸ்கூலும் சேர்ந்து சொல்லுது. எனக்கு அது எல்லாமே தெரியும், சின்ன வயசுல எங்க அம்மா தலையில குட்டிக் குட்டிச் சொல்லிக் குடுத்தது. ஆனா வாயே திறக்கலை நான். உங்களுக்குக் குடுத்த வாக்குன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அப்ப பக்கத்துல ஒரு குரல். யாருடா இதுன்னு குனிஞ்சு பாக்கறேன்...

நம்ம பிள்ளை.

...

ஆமா. சொல்றா. கடைசி வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க, அதைப் பிடிச்சுக்கிட்டா. திக்கலைங்க. ஒரு எழுத்துல கூட நிக்கலை. அவளுக்கு அவ்வளவு கனமான குரல்னு பெத்த எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்...

அதிசயம்னு நான் சொன்னேனா? அற்புதம்னு சொன்னேனா? எனக்கும் உங்க அளவு புத்தி இருக்கு. பேச்சுப் பயிற்சி தர்ற அம்மாகிட்ட போய்க் கேட்டேன். கூட்டத்தோட சேர்ந்து சொல்லும்போது நிறைய பிள்ளைங்களுக்கு இப்படித் தடை இல்லாம வருமாம்... ஆமா, குணமாயிடாதுன்னும் சொன்னாங்க. தனியாப் பேசும்போது மறுபடி திக்கும்னும் சொன்னாங்க. நான் ஒண்ணும் மறைக்கலை. பயிற்சியையும் நிறுத்தப் போறதில்லை... பாட்டு கிளாஸா? வாரத்துக்கு ஒரு நாள் பாட்டு கிளாஸ், மத்த நாளெல்லாம் ஆப்சென்ட்டா? காலையில யூனிஃபார்மைப் பாத்ததும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு படுக்கறாளே, அதை வந்து பாருங்க. பாத்துட்டு அப்புறம் கொள்கை பேசுங்க!

ஆமா, கையெழுத்து கேக்கறாங்க. அவங்க வழியில வளர்ப்போம்னு ரெண்டு பேரும் போடணும். நான் போடுவேன்... போடுவேன்! விலை போயிட்டேனா? யாரு, நானா? நாளைக்கு அவ வளர்ந்து உங்களை மாதிரியே ‘எனக்குச் சாமி இல்லை’ன்னு சொல்லணும்னாலும், அதை வாயைத் திறந்து சொல்லணும் இல்ல?

...

என்ன கேட்டீங்க?... ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டப்பவா? என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா... ம். வீட்ல பிரார்த்தனை உண்டான்னு அவளையும் கேட்டாங்க... தலையை ஆட்டினா... நான் சொல்லிக்குடுக்கலை! நான் உண்டுன்னேன், என் மூஞ்சியைப் பாத்தா, அவளும் ஆட்டிட்டா...

தெரியும். தெரியுங்க, சொல்ல வேணாம். வெளிய வந்ததுல இருந்து எனக்கும் அதான் உறுத்துது. உங்ககிட்ட ஒத்துக்கக் கூடாதுன்னு இருந்தேன். போதுமா? திருப்தியா? சரி, நான் செஞ்சது தப்பு. நாளைக்கே அந்த ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட போய் உண்மையைச் சொல்றேன். வெளிய போன்னு சொன்னா போறேன். ஆனா சீட்டு இருந்தாத்தானே போய்ச் சொல்ல முடியும்? ஆபீஸ் மூடறதுக்குள்ள நீங்க கூப்பிட்டு, வேணும்னு ஒரு வார்த்தை... நான் சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. வேணாம்னது நீங்க, வேணும்னு சொல்ல வேண்டியதும் நீங்க...

யாருகிட்ட கேக்கணும்? அவகிட்டயா? இப்பவா?... அவ வேணும்னா கூப்பிடுவீங்களா? நிஜமா?... ஃபோன்ல வேணாங்க, நேர்ல வந்து... வர முடியாது. ஆமா, வர முடியாது. சரி. சரி, தர்றேன். ஆனா நீங்க கேள்வியை மட்டும் கேளுங்க. பதிலை நீங்களே முடிச்சுக் குடுத்து, ‘பாத்தியா, அவளே வேணாங்கறா’ன்னு ஆரம்பிச்சீங்க... அவ்வளவுதான், சொல்லிட்டேன்.

குட்டி! இங்க வாம்மா. சுத்தினது போதும், வா... அப்பா பேசறாங்க. நீயே வச்சுக்க, காதுல நல்லா வச்சுக்க. அந்த மெஷினை நிறுத்துங்கண்ணே கொஞ்சம்...

கேட்டாங்களா? அந்த ஸ்கூல் வேணுமா வேணாமான்னுதானே? நீயே சொல்லு. என்னைப் பாக்காத. அம்மாவுக்காக இல்ல, அப்பாவுக்காகவும் இல்ல. உனக்கு எதுவோ அதைச் சொல்லு... ம். மெதுவா. அவசரமே இல்ல... கண்ணைத் திற. தோளைத் தளர விடு... வருது பாரு, வருது... அப்படித்தான்... ம்...

என்னம்மா? நீ இன்னும் சொல்லி முடிக்கலையே, ஏன் ஃபோனை நீட்டற?... குடு.

ஹலோ... ஹலோ? வச்சுட்டீங்களா? ஏங்க, அவ பேசிக்கிட்டுத்தானே இருந்தா!