நீலக் கிண்ணத்துக்கு வெட்டிய ஃபோம்

என் பெயர் நார்மா புருஷின்ஸ்கி, வயது 54, இருப்பு ஒஹாயோ மாநிலம் டொலீடோ நகரம், லக்ரேஞ்ச் தெரு. பொருள்களை அனுப்பும் பாதுகாப்புப் பெட்டிகள் செய்யும் கடை நடத்தி வருகிறேன். டெல்பர்ட் ஹெய்ன்ஸ், வயது 61, என்னிடம் பத்தொன்பது வருடமாக ஃபோம் வெட்டி வந்தார்.

மார்ச் 4ஆம் தேதி காலை கிரெய்க் லிண்ட்க்விஸ்ட் என்பவர் பழைய நீலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து, செயின்ட் லூயிஸுக்கு அனுப்பப் பெட்டி வேண்டும் என்றார். எடை போட்டதில் இரண்டு கிலோ சொச்சம் இருந்தது. அவர் கெட்டியான கருப்பு ஃபோம் கேட்டார். எடை குறைந்த பொருளுக்கு அது அழுந்திக் கொடுக்காது, பெட்டி விழுந்தால் அடி முழுவதும் கண்ணாடிக்கே போகும் என்று சொல்லி, சாம்பல் நிற மெத்தென்ற ஃபோம் மூன்று அங்குலம் என்று நானே சீட்டில் எழுதினேன். டெல்பர்ட் வெட்டி ஒட்டியதை நான் பார்க்கவில்லை. 11ஆம் தேதி லிண்ட்க்விஸ்ட் பெட்டியை வாங்கிச் சென்றார்.

அதன் பிறகு 21ஆம் தேதி மதியம் அவர் பெட்டியோடு வந்து, அனுப்பிய வழியில் கிண்ணம் உடைந்துவிட்டது என்று மேசைமேல் திறந்தார். கிண்ணம் ஏழெட்டுத் துண்டாகக் கிடந்தது. உள்ளே இருந்தது கருப்பு ஃபோம். "உங்க கடைத் தப்புன்னு ஒரு கையெழுத்து போடுங்கம்மா, மிச்சத்த இன்ஷூரன்ஸ்காரங்க பாத்துக்குவாங்க" என்று எழுதித் தயாராக வைத்திருந்த தாளை நீட்டினார்.

நான் டெல்பர்ட்டைக் கூப்பிட்டு, வந்தவர் முன்னாலேயே, "சாம்பல் தீந்துபோச்சுன்னு கையில கெடச்சத வச்சு ஒப்பேத்திட்டியா?" என்று கேட்டேன். அவர் பெட்டியைத் தொடக்கூட இல்லை. "பத்தொம்பது வருசத்துல இப்பத்தான் கேக்கத் தோணுச்சா, நார்மா?" என்று சொல்லி, கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அதன் பிறகு நான் பேனாவை எடுத்தேன். லிண்ட்க்விஸ்ட் அதற்குள் பெட்டியை மூடித் தன் பக்கம் இழுத்தார். இன்ஷூரன்ஸ் ஆள் வரும்வரை பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று நான் சொன்னதற்கு, "ஒடஞ்சத வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று இரண்டு முறை கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் படவில்லை. கையெழுத்துப் போடாமல் பெட்டியைத் திறந்து துண்டுகளை எடுத்து வைத்து, கருப்பு ஃபோமைத் தூக்கினேன். ஒட்டாமல் சும்மா செருகியிருந்ததால் உடனே வந்துவிட்டது. கிண்ணம் உட்கார வெட்டிய குழியின் ஓரம் சமையல் கத்தியால் அறுத்ததுபோல் படிபடியாக இருந்தது. கிண்ணம் அதற்குள் உடைந்திருந்தால் தூள் பதிந்திருக்கும்; குழியின் சுவரில் ஒரு கண்ணாடித் தூள்கூடப் பதியவில்லை. அடியில், பெட்டியின் தரையில், எங்கள் பசையோடு சாம்பல் நிற ஃபோம் பிய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் கடையில் இல்லை. நான் உடனே காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். ஃபோமை மாற்றியதையோ கிண்ணத்தை உடைத்ததையோ நான் கண்ணால் பார்க்கவில்லை.

மறுநாள் டெல்பர்ட் வீட்டுக்குச் சாவியோடு போனேன். அவர் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவரு தூங்குறாரு" என்றார். உள்ளே டெல்பர்ட்டின் இருமல் கேட்டது. சாவி என்னிடமே இருக்கிறது.

டெல்பர்ட் ஹெய்ன்ஸ் வெட்டிய ஃபோம் சரியானது, அவர் மீது எந்தத் தவறும் இல்லை. இதைத் தனி வரியாக எழுதும்படி நான் கேட்டதால் இங்கு எழுதப்பட்டது.

நான் சொன்னபடியே எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள்; கேட்டேன், அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) நார்மா புருஷின்ஸ்கி