மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர்

தாம்பரத்தில் கிளம்பி சென்னை பீச்சில் முடியும் காலை மின்ரயில். எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள், தினமும் பார்க்கிற முகங்கள்தான். ஒரே பள்ளியின் அலுவலகத்தில் வேலை. மூத்தவர் கண்ணை மூடியபடியே சொன்னார்:

“சந்தேகமா மெயில் வந்தா, நான் மூலையில கிடக்கற பழைய கம்ப்யூட்டர்லதான் திறப்பேன். போனா போகட்டும்னு.”

“நேத்தும் திறந்தீங்களாக்கா?”

“ஆமா. ‘பில் இணைப்பு’ன்னு ஒண்ணு. கிளிக் பண்ணதும் உள்ள இருந்த ஃபைல் எல்லாம் பூட்டிக்கிச்சு. பிளக்கைப் பிடுங்கிட்டு வந்துட்டேன். அதை யாருதான் தொடறாங்க?”

குரோம்பேட்டை தாண்டியதும் இளையவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“யாரும் தொடமாட்டாங்கன்னுதான்க்கா, பத்து வருஷத்து டிசி ரெகார்டு மொத்தத்தையும் பத்திரமா அதுல போட்டு வெச்சேன்.”

“வேற காப்பி?”

“இல்லக்கா.”

மூத்தவர் இப்போதுதான் கண்ணைத் திறந்தார். ரயில் நின்றது.

“பல்லாவரம்க்கா. இறங்கணும்.”

அவர் மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, இந்த வண்டி பீச்சைத் தாண்டிப் போகாதா?”