ஜெயசித்ரா பற்றி நான் எழுதிய மூன்று செய்திகள்

என் செய்திகளில் எழுத்துப்பிழை இருக்காது, இன்ஸ்பெக்டர் சார். அரியலூர் நிருபராகப் பதினோரு வருஷம். ஓர் ஒற்றுகூட விட்டதில்லை.

போன வருஷம், 2004இல், கடைவீதித் தையல்கடையில் ஜெயசித்ராவைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது. ஆட்டிசம் என்றார் கடைக்காரர் செல்லதுரை.

"இவ எடுக்குற காஜாவுக்காகவே நம்ம கடைக்கு வராங்க சார். அத எழுதுங்க."

பொத்தான் துளை தைப்பதை எந்தப் பத்திரிகை போடும்? அவள் என் முகத்தைப் பார்க்காமல், "லென்ஸ்ல தூசி இருக்கு" என்றாள். 'ஆட்டிசத்தை வென்று வாய் திறந்தார் அரியலூர் பெண்' என்று எழுதினேன். சின்ன வயதிலிருந்தே பேசுகிறவள்தான். செய்திக்கு அது இடைஞ்சல்.

அதைப் படித்த பெரம்பலூர் மாவட்ட அதிகாரி ஒருவர், குணமானவளுக்கு எதற்கு என்று அவளுடைய இலவச பஸ் பாஸை ரத்து செய்தார். அவள் அம்மா கொளஞ்சியம்மாள் என்னிடம் வந்தார்.

"பொண்ணு எப்பவும் போலத்தான் இருக்கா தம்பி. தப்பாப் போட்டுட்டோம்னு ஒரு வரி போட்டுடுங்க."

மறுப்புப் போட்டால் என் பெயர் கெடும். ஜெயசித்ரா செந்துறை ரோட்டில் ஆறு கிலோமீட்டர் நடந்தே கடைக்கு வந்துகொண்டிருந்தாள். 'சலுகையை உதறிய தன்மானப் பெண்' என்று எழுதினேன். அதிகாரி பாராட்டுக் கடிதம் அனுப்பினார். பாஸ் அனுப்பவில்லை.

நேரில் போய்க் கேட்டேன். "கண்ணுக்குத் தெரியுற ஊனம்னா உடனே குடுத்துடலாம் சார்" என்றார். நியாயமான பேச்சு.

மறுவாரம் அவள் நடந்து வருவதைப் படமெடுக்கப் போனேன். ரோட்டோரம் நின்ற சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன்.

"எவ்ளோ நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

சொன்னால் சொன்னபடி செய்கிறவள். டிரைவர் ஏறினார், கிளீனர் இல்லை. லாரி பின்னால் நகர்ந்தது கேமராவில் தெளிவாகவே தெரிந்தது.

"லாரி வருது" என்றாள்.

"அங்கேயே நில்லும்மா" என்றேன். கால் ஒன்றை மட்டும்தான் மனதில் வைத்திருந்தேன், சார். அதேபோல இடது கால் மட்டும்தான், முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

இப்போது பாஸ் வந்துவிட்டது. துணைக்கு ஒருவரும் போகலாம். இவ்வளவுக்குப் பிறகும் கொளஞ்சியம்மாள் என்மேல் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தம்தான்.

மூன்றாவது செய்தி என் பையில் இருக்கிறது. 'லாரிக்கும் அஞ்சாத வீராங்கனை.' விழுந்து கிடந்தபோதும் அவள், "இப்ப நகரலாமா சார்?" என்றுதான் கேட்டாள். அந்தப் பணிவைப் பாராட்டி முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன்.