பேர் போடாத அட்டை

இல்லைங்க, அந்தப் புத்தகத்துக்கும் பரிந்துரை அட்டை இருக்கு. கீழ பேர்தான் இல்ல. ஏன்னு சொல்றேன், முதல்ல அந்தக் கதவைச் சாத்திடுங்க, ஏரிக் காத்து எல்லாத்தையும் வாரிட்டுப் போயிடும்.

எங்க புத்தகக் கடையில இந்த மேஜையைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும். பெரிய கம்பெனிப் புத்தகம் ஒண்ணுகூட இதுல ஏறாது. ரெண்டு பேர், மூணு பேராச் சேந்து கார் ஷெட்டுல நடத்துற பதிப்பகங்களோடது மட்டும்தான். யார் முழுசாப் படிச்சாங்களோ அவங்கதான் பரிந்துரை அட்டை எழுதணும், பேரும் போடணும். முதலாளி ஆர்விட் வச்ச சட்டம்.

இதைப் பாருங்க, வின்னிபெக்ல அக்காவும் தங்கச்சியும் போட்ட துப்பறியும் கதை. கடைசிப் பக்கம் வரைக்கும் என்னை ஏமாத்திட்டாங்க. இது சமையல் புத்தகம், முழுக்க சூப்பு. அது பேய்க்கதை. இது கவிதை, பயப்படாதீங்க, கடிக்காது. எல்லாத்துலயும் மார்கிட்னு இருக்கா? நான்தான். உன் அட்டையைப் படிச்சா பரீட்சை முடிவு மாதிரி இருக்குன்னு ஆர்விட் கிண்டல் பண்ணுவாரு.

உங்க கையில இருக்கறதுக்கும் நான்தான் எழுதினேன். பிடிக்காம இல்லைங்க. இந்த வருஷம் வந்ததுல அதுதான் நல்லது. பார்சலைப் பிரிச்சப்ப ஆன் லிண்டால்னு பேரு, யாரோ புதுசுன்னு நெனச்சேன். பாதியில ஒரு அம்மா வர்றா. காய்ச்சல்ல கெடக்குற பொண்ணுக்கு ஆரஞ்சுத் தோலை அறுபடாம உரிச்சு, காதுல தோடு மாதிரி மாட்டி விடுறா. பொண்ணு அதோடயே தூங்கிடுது. அதைப் படிச்சுட்டு நான் கடையைத் திறக்காமலே உக்காந்திருந்தேன்.

முன்பக்கத்துல சமர்ப்பணம் இருக்கு பாருங்க. ஆமா. மறைந்த என் தாய்க்கு.

நல்லாத்தான் எழுதியிருக்கா. அந்தத் தோலை மாட்டி விட்டது நான்.

இல்லைங்க, தண்ணியெல்லாம் வேண்டாம். என் பொண்ணுக்கு நாங்க வச்ச பேரு சிக்னே, ஆன் லிண்டால்ங்கறது அவளா வச்சுக்கிட்டது. பதினோரு வருஷமாப் பேச்சு இல்ல. காரணம் அவ ஒண்ணு சொல்லுவா, நான் ஒண்ணு சொல்லுவேன். நான் இந்த டுலூத் ஊருக்கு வந்ததே அவளுக்குத் தெரியாது.

இப்ப முடிவாகியிருக்கறது இவ்வளவுதான். வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் அவ இங்க வந்து இந்தப் புத்தகத்தை வாசிச்சுக் காட்டுறா. ஆர்விட்தான் கூப்பிட்டாரு, அவருக்கு விஷயம் தெரியாது. அந்த அட்டையை மட்டும் டைப் அடிச்சாச்சு, என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். மத்த அட்டைகளை அன்னிக்குக் காலையில எடுத்துடுவேன், என் பேரைப் பாத்தா வாசல்லயே திரும்பிடுவா. சாயங்காலம் எனக்கு லீவு.

நீங்க வந்தீங்கன்னா முன்வரிசையில உக்காருங்க. முன்னாடி காலியா இருந்தா அவளுக்குக் குரல் நடுங்கும். ஸ்கூல்லயிருந்தே அப்படித்தான்.